செலக்டர் சரிதான், எலிமென்ட் ஏன் கிடைக்கவில்லை? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

பிரவுசர் டெஸ்ட் உடைந்ததும் பெரும்பாலோர் முதலில் செலக்டரை மாற்றிப் பார்க்கிறார்கள். ஐடி போய் கிளாஸ் வரும், கிளாஸ் போய் எக்ஸ்பாத் (எலிமென்டைப் பாதையால் தேடும் மொழி) வரும், அதுவும் சரிவராவிட்டால் ஐந்து விநாடி ஸ்லீப் (சும்மா காத்திருப்பு) வரும். ஏதோ ஒன்றில் டெஸ்ட் பச்சையாகிவிடும். ஏன் பச்சையானது என்று தெரியாததால் அடுத்த வாரம் அதே இடத்தில் மறுபடி சிவப்பு.

செலக்டர் என்பது ஓர் எலிமென்டை, அதாவது பட்டன், பெட்டி போன்ற பக்க உறுப்பை, கண்டுபிடிக்கப் பக்கத்திடம் நாம் கேட்கும் கேள்வி. அதற்கு வரக்கூடிய பதில்கள் நான்கே: கேள்வியே புரியவில்லை, யாரும் இல்லை, ஒருவர் இருக்கிறார், பலர் இருக்கிறார்கள். எந்தப் பிழைச் செய்தி வந்தாலும் இந்த நான்கில் எது என்று முதலில் தீர்மானித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஒரு குறிப்பு. கீழே செலக்டர்களில் உள்ள டேக் (எலிமென்டின் வகை), அட்ரிப்யூட் (அதன் பண்பு) பெயர்களையும் கட்டளைகளையும் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். எடிட்டரில் அவற்றை வழக்கமான ஆங்கில எழுத்தில் அடியுங்கள். #, புள்ளி, >, [ ], மேற்கோள் போன்ற குறிகள் மட்டும் இங்கே உள்ளபடியே.

எதற்கும் முன்: எண்ணிப் பாருங்கள்

டெஸ்ட் விழும் வரிக்கு முந்தைய வரியில் பிரேக்பாயிண்ட் (ஓட்டத்தை நிறுத்தும் குறி) வையுங்கள். பிளேரைட் (செலினியம், சைப்ரஸ் போல பிரவுசரைத் தானாக இயக்கும் டெஸ்ட் கருவி) என்றால் பேஜ்.பாஸ்() போதும். டெஸ்ட் திறந்த அதே பிரவுசர் ஜன்னலில் எஃப்12 அழுத்தி, கன்சோலில் இதை அடியுங்கள்:

$$('#ஆர்டர்-படிவம் பட்டன்').லெங்த்

அதே ஜன்னல் என்பது முக்கியம். உங்கள் சொந்த பிரவுசரில் நீங்கள் லாகின் ஆகியிருப்பீர்கள், குக்கி அறிவிப்பை எப்போதோ மூடியிருப்பீர்கள், ஜன்னலும் பெரிதாக இருக்கும். டெஸ்ட் காண்பது வேறொரு பக்கம்.

ஒற்றை $ வேண்டாம், இரட்டை $$ பயன்படுத்துங்கள். பக்கத்தில் ஜேகுவெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் இருந்தால் ஒற்றை $ அதனுடையதாகிவிடும். பிரவுசருக்குத் தெரியாத செலக்டர்களையும் ஜேகுவெரி ஏற்றுக்கொள்ளும் என்பதால், கன்சோலில் வேலை செய்வது டெஸ்டில் செய்யாது.

எச்டிஎம்எல்லைப் பார்க்க 'வியூ சோர்ஸ்' போகாதீர்கள். அது சர்வர் அனுப்பிய மூலம். டெஸ்ட் தேடுவது ஜாவாஸ்கிரிப்ட் ஓடி முடிந்தபின் உள்ள டாம் மரத்தில், அதாவது எலிமென்ட்களை பிரவுசர் அடுக்கி வைத்திருக்கும் அமைப்பில். எலிமென்ட்ஸ் தாவலில் தெரிவதுதான் அந்த மரம்.

அறிகுறி: 'இன்வாலிட் செலக்டர்'

இது கேள்வியே புரியாத நிலை. எலிமென்ட் இருக்கிறதா இல்லையா என்ற பேச்சே இன்னும் வரவில்லை, எனவே வெயிட் நேரத்தைக் கூட்டிப் பயனில்லை. வழக்கமான காரணங்கள் இவை.

எண்ணில் தொடங்கும் ஐடி. எச்டிஎம்எல்லில் ஐடி '2024' என்று இருக்கலாம், தவறில்லை. ஆனால் செலக்டரை எழுதும் மொழியான சிஎஸ்எஸ்ஸில் #2024 செல்லாது, ஏனென்றால் அங்கே பெயர் எண்ணில் தொடங்கக் கூடாது. முறைப்படி எஸ்கேப் செய்தால் (பின்சாய்வு போட்டு எழுதினால்) #\32 024 என்று வரும் (நடுவில் உள்ள இடைவெளியும் சேர்த்து). ஜாவாவிலோ பைதானிலோ சாதாரண ஸ்டிரிங்குக்குள் எழுதும்போது பின்சாய்வை இரட்டிக்க வேண்டும். இந்தத் தலைவலி வேண்டாம் என்றால் [ஐடி="2024"] என்று எழுதுங்கள். மேற்கோளுக்குள் எண் தாராளமாக இருக்கலாம்.

மேற்கோள் இல்லாத அட்ரிப்யூட் மதிப்பு. [டேட்டா-எண்=12] செல்லாது, [டேட்டா-எண்="12"] செல்லும். எழுத்தில் தொடங்கும் மதிப்புக்கு மேற்கோள் இல்லாமலும் ஓடிவிடுவதால் இது பல மாதம் ஒளிந்திருந்து, எண் மதிப்பு வரும் நாளில் வெளிப்படும். எப்போதும் மேற்கோள் போடுங்கள்.

ஐடிக்குள் முக்காற்புள்ளி அல்லது புள்ளி. ஜாவா சர்வர் ஃபேசஸ் பக்கங்களில் படிவத்தின் பெயரும் பெட்டியின் பெயரும் முக்காற்புள்ளியால் இணைந்து 'படிவம்:மின்னஞ்சல்' என்பதுபோல் ஐடி உருவாகும். #படிவம்:மின்னஞ்சல் என்று எழுதினால் முக்காற்புள்ளிக்குப் பின் வருவதை பிரவுசர் போலி கிளாஸ் (எலிமென்டின் நிலையையோ இடத்தையோ குறிக்கும் சொல்) என்று எடுத்துக்கொள்ளும். அப்படி ஒரு போலி கிளாஸ் கிடையாது என்பதால் பிழை வரும். #படிவம்\:மின்னஞ்சல் அல்லது [ஐடி="படிவம்:மின்னஞ்சல்"] என்று எழுதுங்கள். புள்ளி இதைவிட ஆபத்து. #வரி.தொகை என்பது இலக்கணப்படி சரி, 'வரி' என்ற ஐடியும் 'தொகை' என்ற கிளாஸும் கொண்ட எலிமென்ட் என்று பொருள். அதனால் பிழை வராது, பூஜ்யம்தான் வரும்.

வளைந்த மேற்கோள்கள். வேர்டிலிருந்தோ வாட்ஸ்அப்பிலிருந்தோ ஒட்டிய செலக்டரில் " " என்ற நேர்க் குறிக்குப் பதில் “ ” இருக்கும். கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும், சிஎஸ்எஸ்ஸுக்கு இவை மேற்கோளே அல்ல. அதனால் பிழை வரலாம், அல்லது பிழை வராமல் பூஜ்யம் மட்டும் வரலாம். அழித்துவிட்டுக் கையால் அடியுங்கள்.

:கன்டெய்ன்ஸ்(). எழுத்தைக் கொண்டு தேடும் இந்த வசதி சிஎஸ்எஸ் 3-இன் பழைய வரைவில் இருந்தது, பிறகு நீக்கப்பட்டது. ஜேகுவெரியில் உண்டு. சைப்ரஸ் உள்ளே ஜேகுவெரியை வைத்துத் தேடுவதால் அங்கே ஓடும். செலினியத்தில் ஓடாது. பிளேரைட்டுக்கு அதன் சொந்த :ஹேஸ்-டெக்ஸ்ட்() உண்டு, அது பிளேரைட்டுக்கு வெளியே, கன்சோலில்கூட, செல்லாது. செலினியத்தில் எழுத்தை வைத்தே பிடித்தாக வேண்டும் என்றால் எக்ஸ்பாத்துக்குப் போங்கள்: //பட்டன்[நார்மலைஸ்-ஸ்பேஸ்()="சேமி"]. இந்த ஓர் இடத்தில் எக்ஸ்பாத்தே சரியான கருவி, கூச்சம் வேண்டாம்.

:ஹேஸ்() இலக்கணப்படி சரி, ஆனால் பிரவுசர் புதிதாக இருக்க வேண்டும். சஃபாரி 15.4 (மார்ச் 2022), குரோம் 105 (ஆகஸ்ட் 2022), ஃபயர்ஃபாக்ஸ் 121 (டிசம்பர் 2023) முதல்தான் உண்டு. குரோமில் ஓடும் டெஸ்ட் பழைய ஃபயர்ஃபாக்ஸில் மட்டும் 'இன்வாலிட்' என்றால் இங்கே பாருங்கள்.

அறிகுறி: 'நோ சச் எலிமென்ட்', கன்சோலிலும் பூஜ்யம்

கேள்வி புரிந்தது, விடை இல்லை. செலக்டரை வலப்பக்கத்திலிருந்து ஒவ்வொரு துண்டாக வெட்டிக்கொண்டே எண்ணுங்கள். #பட்டியல் > டேபிள் > டிஆர் பூஜ்யமா? #பட்டியல் > டேபிள் எத்தனை? ஒன்று. அப்படியானால் உடைவது கடைசி அம்புக்குறியில் ('நேரடிப் பிள்ளை' என்று பொருள்).

இந்த உதாரணத்தின் காரணம் டேபிளுக்கே உரியது. மூலத்தில் டேபிளுக்குள் நேராக டிஆர் (டேபிளின் வரி) எழுதியிருந்தாலும், எச்டிஎம்எல்லைப் படிக்கும்போது பிரவுசர் நடுவில் ஒரு டிபாடியை (வரிகளைச் சுற்றும் டேக்) நுழைத்துவிடும். எனவே டிஆர் என்பது டேபிளின் நேரடிப் பிள்ளை அல்ல. டேபிள் > டிபாடி > டிஆர் என்றோ, அம்புக்குறி இல்லாமல் டேபிள் டிஆர் என்றோ எழுதுங்கள்.

கிளாஸ் பெயரில் இடைவெளி. எச்டிஎம்எல்லில் கிளாஸ்="பட்டன் முதன்மை" என்று இருந்தால் அது ஒரு பெயர் அல்ல, இரண்டு கிளாஸ்கள். பை.கிளாஸ்நேம் கட்டளைக்கு அதை அப்படியே கொடுத்தால் செலினியத்தின் பதிப்பைப் பொறுத்து விளைவு மாறும். சில பதிப்புகள் கூட்டுக் கிளாஸ் பெயர் கூடாது என்று நேராகச் சொல்லிவிடும். பைதானில் வேறு சில செலினியம் 4 பதிப்புகள் முன்னால் ஒரு புள்ளி மட்டும் சேர்த்து .பட்டன் முதன்மை என்று அனுப்பிவிடும். அதன் பொருள்: 'பட்டன்' கிளாஸுக்குள் இருக்கும், 'முதன்மை' என்ற பெயருடைய டேக். அப்படி ஒரு டேக் உலகில் இல்லை. சரியான வடிவம் .பட்டன்.முதன்மை, நடுவில் இடைவெளி கூடாது.

ஐடி கொண்டு தேடியும் பிழைச் செய்தியில் 'சிஎஸ்எஸ் செலக்டர்' என்று வருகிறதே என்று குழம்புவோர் உண்டு. வெப்டிரைவர் (செலினியம் பிரவுசருடன் பேசும் முறை) தரநிலையில் உள்ள தேடும் முறைகள் ஐந்தே: சிஎஸ்எஸ் செலக்டர், லிங்க் டெக்ஸ்ட், பார்ஷியல் லிங்க் டெக்ஸ்ட், டேக் நேம், எக்ஸ்பாத். ஐடி, நேம், கிளாஸ் மூன்றையும் செலினியம் 4 சிஎஸ்எஸ்ஸாக மாற்றித்தான் அனுப்புகிறது. அந்தச் செய்தியில் உள்ள செலக்டரையே எடுத்துக் கன்சோலில் போடுங்கள். நீங்கள் கேட்டதாக நினைத்ததும் உண்மையில் கேட்கப்பட்டதும் ஒன்றா என்று தெரிந்துவிடும்.

என்த்-சைல்ட் எண்ணும் விதம். ஒரு பெட்டிக்குள் முதலில் எச்3 தலைப்பு, அதன்பின் 'பொருள்' என்ற கிளாஸ் கொண்ட மூன்று பத்திகள். .பொருள்:என்த்-சைல்ட்(1) எழுதினால் பூஜ்யம். காரணம், இந்தப் போலி கிளாஸ் 'பொருள்'களை எண்ணுவதில்லை. பெற்றோரின் எல்லாப் பிள்ளைகளையும் எண்ணி, முதல் பிள்ளையாக இருப்பது 'பொருள்' கிளாஸும் உடையதா என்று பார்க்கிறது. முதல் பிள்ளை எச்3. ஆக, முதல் பொருள் என்த்-சைல்ட்(2)-இல் இருக்கிறது. என்த்-ஆஃப்-டைப் டேக் பெயரை வைத்து எண்ணும், கிளாஸை வைத்து அல்ல. தலைப்பும் பத்தியும் வெவ்வேறு டேக் என்பதால் இங்கே அது உதவும், எல்லாமே டிவ் என்றால் உதவாது. கிளாஸை வைத்தே எண்ண வேண்டுமானால் :என்த்-சைல்ட்(1 ஆஃப் .பொருள்) உண்டு, ஆனால் குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் அது 2023-இல்தான் வந்தது. எண் 1-இல் தொடங்கும் என்பதையும் மறக்க வேண்டாம். பட்டியலில் [0] போட்டுப் பழகிய கை இங்கேயும் 0 போடும், 0 எதையும் பிடிக்காது.

ஹெச்ரெஃப் பொறி. லிங்க்கின் மேல் சுட்டியை வைத்தால் கீழே முழு முகவரி தெரியும். ஆனால் எச்டிஎம்எல்லில் எழுதியிருப்பது '/லாகின்' மட்டுமாக இருக்கலாம். [ஹெச்ரெஃப்="..."] எழுதியதை மட்டுமே ஒப்பிடும். செலினியத்தின் கெட்அட்ரிப்யூட் முழு முகவரியைத்தான் திருப்பித் தரும். அதை எடுத்துச் செலக்டரில் போட்டால் பூஜ்யம். எழுதியது எழுதியபடி வேண்டும் என்றால் கெட்டாம்அட்ரிப்யூட்.

இதே போலத்தான் இன்புட்[வேல்யூ="சென்னை"]. இது எச்டிஎம்எல்லில் உள்ள அட்ரிப்யூட்டைப் பார்க்குமே தவிர, பயனர் பெட்டியில் தட்டிய எழுத்தைப் பார்க்காது. பட்டன்[டிஸ்ஏபிள்ட்] என்பதும் அப்படித்தான். பெட்டிகளைத் தொகுக்கும் ஃபீல்ட்செட்டையே முடக்கியிருந்தால் உள்ளே உள்ள பட்டனும் முடங்கும், ஆனால் பட்டனில் அந்த அட்ரிப்யூட் இருக்காது. நிலையைக் கேட்க வேண்டும் என்றால் :டிஸ்ஏபிள்ட், :செக்டு போன்ற போலி கிளாஸ்களைப் பயன்படுத்துங்கள்.

நீளமான பட்டியல்கள். ஆயிரம் வரி இருப்பதாகத் திரை காட்டும், ஆனால் கண்ணில் படும் வரிகளையும் சுற்றியுள்ள சிலவற்றையும் மட்டுமே டாமில் வைத்திருக்கும் பக்கங்கள் நிறைய. ஐந்நூறாவது வரி உருட்டிய பிறகே பிறக்கும். உருட்டி, எண்ணி, மறுபடி உருட்டுங்கள். அல்லது பக்கத்தின் தேடல் பெட்டியில் வடிகட்டிப் பட்டியலைச் சுருக்கிவிட்டுப் பிடியுங்கள், அதுவே வேகம்.

அறிகுறி: தமிழ்ப் பக்கத்தில் மட்டும் கிடைக்கவில்லை

இதற்குத் தனித் தலைப்பு அவசியம். ஆங்கிலப் பக்கத்தில் ஓடும் டெஸ்ட், மொழியைத் தமிழுக்கு மாற்றியதும் [அரியா-லேபில்="தொடர்க"] (திரைவாசிப்பான் படிக்கும் பெயர்) என்ற இடத்தில் விழும். திரையில் 'தொடர்க' இருக்கிறது, செலக்டரிலும் 'தொடர்க' இருக்கிறது, ஓர் எழுத்து வித்தியாசம் இல்லை.

யுனிகோடில் 'ொ' என்ற உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், 'ெ', 'ா' என்று இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. 'ோ', 'ௌ' ஆகியவற்றுக்கும் இதே கதை. சிஎஸ்எஸ் குறியீடுகளை அப்படியே ஒப்பிடும், எதையும் இயல்பாக்காது, அதாவது ஒரே வடிவுக்குக் கொண்டுவராது. சோதிக்க எளிய வழி, இரண்டு பக்கத்துச் சொல்லுக்கும் .லெங்த் கேளுங்கள். ஒரே குறியீடாக எழுதிய 'தொடர்க' 6 தரும், பிரித்து எழுதியது 7 தரும். எண் வேறுபட்டால் செலக்டரைக் குறை சொல்ல வேண்டாம்.

இதைவிடக் கண்ணை ஏமாற்றுவது 'ௌ'. 'கௌரி' என்பதை 'கெளரி' என்று, அதாவது 'கெ'யும் 'ள'வும் தனித்தனியாக, அடிப்பவர்கள் ஏராளம். 'ஔவை'யை 'ஒளவை' என்று அடிப்பதும் அப்படியே. இவை யுனிகோடின் பார்வையில் வேறு வேறு சொற்கள், எந்த இயல்பாக்கமும் இவற்றைச் சேர்த்துவைக்காது. 'ஸ்ரீ'யும் அப்படித்தான்: முதல் எழுத்து 'ஸ'வாகவும் இருக்கலாம், 'ஶ'வாகவும் இருக்கலாம், பல எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே வடிவில் காட்டும். சில விசைப்பலகைகள் இடையில் கண்ணுக்குத் தெரியாத சுழி அகலக் குறியையும் நுழைத்துவிடும்.

வழி: சொல்லைக் கையால் அடிக்காதீர்கள். எலிமென்ட்ஸ் தாவலில் அந்த எலிமென்டைத் தேர்ந்தெடுத்து, கன்சோலில் காபி($0.கெட்அட்ரிப்யூட்("அரியா-லேபில்")) கொடுத்து, வந்ததை ஒட்டுங்கள். அதைவிட நல்லது, மொழிபெயர்ப்புக் கோப்பிலிருந்தே டெஸ்ட் அந்தச் சொல்லைப் படிப்பது. மொழிபெயர்ப்பாளர் நாளை 'தொடர்க'வைத் 'தொடரவும்' ஆக்கினாலும் டெஸ்ட் விழாது. இரண்டு வடிவங்களும் கலந்திருக்கும் தளமானால் அதை டெவலப்பருக்குப் பிழையாகவே எழுதுங்கள். டெஸ்டுக்குக் கிடைக்காத சொல், தேடல் பெட்டியில் பயனருக்கும் கிடைக்காமல் போகலாம்.

அறிகுறி: கன்சோலில் ஒன்று, டெஸ்டில் பூஜ்யம்

பெரும்பாலும் நேரம்தான் காரணம். நீங்கள் கன்சோலைத் திறந்து அடிப்பதற்குள் பத்து விநாடி போய்விடுகிறது, டெஸ்டோ பக்கம் திறந்த மறுகணம் கேட்டுவிடுகிறது. செலினியத்தின் இம்ப்ளிசிட் வெயிட் (எல்லாத் தேடலுக்கும் பொதுவான காத்திருப்பு) நீங்கள் சொல்லாதவரை பூஜ்யம். எக்ஸ்ப்ளிசிட் வெயிட் (ஒரு நிபந்தனைக்கு மட்டுமான காத்திருப்பு) வைத்தால் அரை விநாடிக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டே இருக்கும். சைப்ரஸ் தானாக 4 விநாடி முயலும். பிளேரைட்டின் எக்ஸ்பெக்ட் 5 விநாடி முயலும். ஸ்லீப் எழுதுவதைவிட நிபந்தனை எழுதுவது மேல். பக்கம் சீக்கிரம் வந்தால் டெஸ்டும் சீக்கிரம் போகும்.

செலினியத்தில் இம்ப்ளிசிட்டையும் எக்ஸ்ப்ளிசிட்டையும் கலக்காதீர்கள். 10 விநாடி இம்ப்ளிசிட், 15 விநாடி எக்ஸ்ப்ளிசிட் என்று வைத்தால் 15-இல் நிற்காமல் 20 விநாடி வரை இழுக்கக்கூடும் என்று செலினியம் ஆவணமே எச்சரிக்கிறது. இம்ப்ளிசிட்டைப் பூஜ்யமாக வைத்து, தேவையான இடத்தில் மட்டும் எக்ஸ்ப்ளிசிட் எழுதுவதே எங்கள் பரிந்துரை.

நேரம் கொடுத்தும் பூஜ்யம் என்றால் அடுத்த சந்தேகம் ஐஃபிரேம் (பக்கத்துக்குள் பதித்த இன்னொரு பக்கம்). எலிமென்ட்ஸ் தாவலில் உள்ள தேடல் ஐஃபிரேமுக்குள்ளும் போய்த் தேடிவிடும், அதனால் 'இருக்கிறதே' என்று தோன்றும். கன்சோலின் மேற்பட்டையில் உள்ள சூழல் பட்டியலைப் பாருங்கள். அங்கே 'டாப்' என்று இருந்தால்தான் டெஸ்ட் நிற்கும் இடத்தில் நீங்களும் நிற்கிறீர்கள். டாப்பில் பூஜ்யம், ஃபிரேமைத் தேர்ந்தெடுத்தால் ஒன்று என்றால் முடிவாயிற்று. செலினியத்தில் சுவிட்ச்டு ஃபிரேம் செய்து உள்ளே போங்கள், வேலை முடிந்ததும் டிஃபால்ட்கன்டென்ட் கொடுத்து வெளியே வாருங்கள். வெளியே வர மறந்தால் அடுத்த வரியில் வெளிப்பக்கத்து எலிமென்ட் கிடைக்காமல் போகும். பிளேரைட்டில் ஃபிரேம்லொகேட்டர். பணம் செலுத்தும் பக்கங்களில் அட்டை எண், காலாவதி, ரகசிய எண் ஒவ்வொன்றும் தனித்தனி ஐஃபிரேமில் இருப்பது சாதாரணம். ஒன்றில் நுழைந்து மூன்றையும் தேடாதீர்கள்.

புதிய தாவல் திறந்திருந்தாலும் இதே அறிகுறிதான். நீங்கள் புதிய தாவலின் கன்சோலில் எண்ணுகிறீர்கள், செலினியம் இன்னும் பழைய தாவலிலேயே நிற்கிறது. விண்டோ ஹேண்டிலை (செலினியம் எந்தத் தாவலில் நிற்கிறது என்ற அடையாளம்) மாற்றுங்கள்.

அறிகுறி: எலிமென்ட்ஸில் தெரிகிறது, $$ எதற்கும் பூஜ்யம்

மேலே ஏறிக்கொண்டே போய்ப் பாருங்கள். '#ஷேடோ-ரூட்' என்ற வரி தென்பட்டால் அதுவே காரணம். அது ஓர் எலிமென்ட் தனக்குள் மறைத்து வைத்திருக்கும் தனி மரம். சாதாரண சிஎஸ்எஸ் செலக்டர் அந்தச் சுவரைத் தாண்டாது. பயனர்-அட்டை .சேமி என்று வெளியே உள்ளதையும் உள்ளே உள்ளதையும் ஒரே செலக்டரில் கோர்க்க முடியாது.

செலினியம் 4-இல் மூன்று அடி: வெளி எலிமென்டைப் பிடியுங்கள், அதனிடம் கெட்ஷேடோரூட் கேளுங்கள், வந்த ரூட்டிலிருந்து சிஎஸ்எஸ்ஸால் தேடுங்கள். உள்ளே எக்ஸ்பாத் வேண்டாம், அங்கே அது உதவாது. சுவருக்குள் சுவர் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் இதே மூன்று அடி. பிளேரைட்டின் சிஎஸ்எஸ் திறந்த ஷேடோ ரூட்டைத் தானாகவே ஊடுருவும். அதனால் பிளேரைட்டில் ஓடிய செலக்டர் செலினியத்தில் ஓடாதபோது முதலில் இதை நினையுங்கள். ரூட்டுக்கு அருகே 'குளோஸ்டு' என்று எழுதியிருந்தால் பிளேரைட்டின் செலக்டரும் உள்ளே போகாது. டெஸ்ட் பில்டில் அதைத் திறந்து தரும்படி டெவலப்பரிடம் கேட்பது ஒரு வழி.

::பிஃபோர், ::ஆஃப்டர் எலிமென்ட்கள் அல்ல. அவற்றைப் பிடிக்க முடியாது. பெற்றோரைப் பிடித்து, கெட்கம்ப்யூட்டெட்ஸ்டைல் மூலம் அவற்றின் கன்டென்ட் மதிப்பைப் படியுங்கள்.

அறிகுறி: தவறான எலிமென்ட் கிடைக்கிறது, அல்லது 'ஸ்ட்ரிக்ட் மோட் வயலேஷன்'

எண்ணிக்கை ஒன்றுக்கு மேல். பிளேரைட் இதைப் பிழையாகவே சொல்லிவிடும், அது நல்ல பழக்கம். செலினியத்தின் ஃபைண்ட்எலிமென்ட் வாய் திறக்காமல் ஆவண வரிசையில் முதலாவதைத் தந்துவிடும். முதலாவது பெரும்பாலும் கைபேசிக்கான மறைந்த மெனுவில் உள்ள அதே லிங்க்.

பலரும் உடனே முதலாவதைத் தேர்ந்தெடு என்று .ஃபர்ஸ்ட் சேர்த்துப் பிழையை அடக்குகிறார்கள். அது கேள்வியைச் சரிசெய்யவில்லை, இரண்டாவது ஆளைப் பார்க்காதிருக்கச் சொல்கிறது. இடத்தைச் சுருக்குங்கள்: ஹெட்டர் நாவ் [ஹெச்ரெஃப்="/லாகின்"].

*= குறியிலும் கவனம். [கிளாஸ்*="கார்டு"] 'டிஸ்கார்டு' என்ற கிளாஸையும் பிடிக்கும், ஏனென்றால் அது எழுத்துத் துண்டைத்தான் பார்க்கிறது. ^= கிளாஸ் பட்டியல் முழுவதன் தொடக்கத்தைப் பார்க்கும். முன்னால் இன்னொரு கிளாஸ் சேர்ந்த அன்றே உடையும். முழுச் சொல்லாக வேண்டும் என்றால் ~= அல்லது சாதாரணப் புள்ளி.

அறிகுறி: 'எலிமென்ட் நாட் இன்டராக்டபிள்', 'கிளிக் இன்டர்செப்டட்'

முதலாவது பெரும்பாலும் மேலே சொன்ன மறைந்த இரட்டையர்தான். எண்ணுங்கள். ஒன்றுதான் என்றால் ஜன்னல் அளவைப் பாருங்கள். பிளேரைட் சொல்லாவிட்டால் 1280×720, சைப்ரஸ் 1000×660. உங்கள் பக்கம் அந்த அகலத்தில் மெனுவைச் சுருக்கிவிடும் என்றால் பட்டன் டாமில் இருக்கும், திரையில் இருக்காது. உள்ளூரில் ஓடி, சர்வரில் ஹெட்லெஸ்ஸாக (பிரவுசர் ஜன்னல் தெரியாமல்) ஓடும்போது விழும் டெஸ்ட்களுக்கு ஜன்னல் அளவை வெளிப்படையாகக் கொடுங்கள்.

இரண்டாவதில் செலக்டர் சரி, வேறு ஏதோ மேலே மறைக்கிறது. பிழைச் செய்தியின் கடைசிப் பகுதியைப் படியுங்கள். கிளிக் எந்த எலிமென்டுக்குப் போயிருக்கும் என்று அது பெயர் சொல்லும். லோடிங் திரை என்றால் அது மறையும்வரை காத்திருங்கள். எலிமென்ட்டுபிகிளிக்கபிள் என்ற நிபந்தனை இதற்குப் போதாது. அது தெரிகிறதா, முடங்காமல் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும், மேலே எதுவும் மறைக்கிறதா என்று பார்க்காது. அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் குக்கி அறிவிப்பு என்றால் காரணம் சுவாரசியமானது: வெப்டிரைவர் தரநிலைப்படி, திரைக்கு வெளியே உள்ள எலிமென்டை உருட்டும்போது அதைத் திரையின் அடி விளிம்புக்குத்தான் கொண்டுவரும், அதாவது நேராக அந்த அறிவிப்பின் கீழே. அறிவிப்பை மூடுங்கள், அல்லது நீங்களே நடுவுக்கு உருட்டிவிட்டுக் கிளிக் செய்யுங்கள்.

ஜாவாஸ்கிரிப்ட் கிளிக்கால் இதைத் தாண்டாதீர்கள். பயனரால் அழுத்த முடியாத பட்டனை டெஸ்ட் அழுத்தி 'பாஸ்' என்று சொன்னால், பிடிக்க வேண்டிய பிழையை டெஸ்டே மூடி மறைத்துவிடும்.

அறிகுறி: 'ஸ்டேல் எலிமென்ட்'

பிடித்தபோது இருந்தது, தொடும்போது இல்லை. பக்கம் அந்தப் பகுதியை மறுபடி வரைந்துவிட்டது. பார்க்க அதேபோல் இருப்பது புதிய எலிமென்ட், கையில் இருப்பது பழையதன் அடையாளச் சீட்டு. பேஜ் ஆப்ஜெக்டின் (ஒரு பக்கத்துக்கான டெஸ்ட் குறியீட்டுத் தொகுப்பின்) தொடக்கத்திலேயே எலிமென்ட்களைப் பிடித்து வைக்காமல் செலக்டரை மட்டும் வைத்திருங்கள், தொடும் கணத்தில் தேடுங்கள். வரிகளைச் சுற்றில் ஒவ்வொன்றாக நீக்கும்போதும் இதே நிலை வரும். ஒவ்வொரு நீக்கத்துக்குப் பிறகும் பட்டியலைப் புதிதாக எடுங்கள்.

அறிகுறி: நேற்று ஓடியது, யாரும் எதையும் மாற்றவில்லை

செலக்டரில் மனிதர் வைக்காத பெயர் இருக்கிறதா பாருங்கள். ரியாக்ட் 18-இன் யூஸ்ஐடி தரும் ':ஆர்3:' போன்றவை, எம்பர் தரும் 'எம்பர்412' போன்றவை, ஸ்டைல் நூலகங்கள் கிளாஸில் ஒட்டும் அர்த்தமற்ற எழுத்துக் கோவைகள் எல்லாம் எந்திரம் வைத்த பெயர்கள். பக்கத்தில் மேலே இன்னொரு பெட்டி சேர்ந்தால், அல்லது ஒரு வண்ணம் மாறினால் அவையும் மாறும். டெவ்டூல்ஸின் 'காபி செலக்டர்' தரும் #ரூட் > டிவ் > டிவ்:என்த்-சைல்ட்(3) > டிவ் > பட்டன் போன்ற நீளச் சங்கிலியும் இதே வகை. நடுவில் ஒரு அறிவிப்புப் பட்டை நுழைந்தாலே உடைந்துவிடும்.

இருப்பதை வைத்துச் சமாளிக்க வேண்டும் என்றால் இந்த வரிசையில் தேடுங்கள்: படிவப் பெட்டிக்கு நேம், லிங்க்குக்கு ஹெச்ரெஃப், பட்டனுக்கு டைப்புடன் அதன் படிவத்தின் ஐடி, ஐகானுக்கு அரியா-லேபில். பெயரின் முன்பகுதி நிலையாகவும் பின்பகுதி எண்ணாகவும் இருந்தால் [ஐடி^="ஆர்டர்-வரி-"] போதும்.

கேட்டு வாங்க முடியும் என்றால் டேட்டா-டெஸ்ட்ஐடி (டெஸ்டுக்காகவே வைக்கும் அட்ரிப்யூட்) வாங்குங்கள். டெவலப்பரிடம் 'ஐடி சேருங்கள்' என்று பொதுவாகச் சொன்னால் நடக்காது. டெஸ்ட் தொடும் எலிமென்ட்களின் பட்டியலைத் திரைவாரியாகக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் பெயரையும் நீங்களே எழுதிக் கொடுங்கள்: 'ஆர்டர்-சமர்ப்பி', 'கூப்பன்-பெட்டி', 'மொத்தத்-தொகை'. திரும்பத் திரும்ப வரும் வரிகளுக்கு ஒரே டெஸ்ட்ஐடியும், கூடவே டேட்டா-எண் என்று அந்தப் பதிவின் சொந்த எண்ணும் வேண்டும் என்று சொல்லுங்கள். அப்போது ஏழாவது வரி எது என்று எண்ண வேண்டியதில்லை. [டேட்டா-டெஸ்ட்ஐடி="ஆர்டர்-வரி"][டேட்டா-எண்="10482"] என்று எழுதினால், வரிசை எப்படி மாறினாலும் $$ தரும் விடை ஒன்றாகவே இருக்கும்.